பின்விளக்குக்கு ஒரு கண் காணிக்கை

தொக்தோசுன் வாத்தியார் அந்த விளக்குகளை இன்னும் பார்க்கவில்லை.

கட்டடத்தில் மற்ற எல்லோரும் பார்த்தாகிவிட்டது. கீழ்வீட்டு நர்சம்மா ஒரு டப்பா மிட்டாய் கொடுத்துவிட்டுப் பார்த்தாள். ஐந்தாம் மாடிக் கிழவர் படியிறங்கினால் திரும்ப ஏற முடியாதவர். அவர் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிவிட்டு, பால்கனியில் நின்றே பார்த்தார். வாத்தியார் மட்டும் பார்க்கவில்லை. அந்த விளக்குகளை மாட்டிய, அதே கட்டடத்து எர்னசாரின் வெள்ளைக் கார் முற்றத்துக்குள் நுழைந்தால் அவர் மலையைப் பார்ப்பார். கராகோல் ஊரில் எந்த முற்றத்தில் நின்றாலும் மலை தெரியும். அது எதற்காக அங்கே நிற்கிறது என்பது இத்தனை வயதுக்குப் பிறகு இந்த வாரம்தான் அவருக்குப் புரிந்தது. கார் பின்பக்கமாக நகர்ந்து வந்து நிற்கும்போது குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவார். கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் புதிதாக எதையும் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. பிறந்த குழந்தை, வந்த மருமகள், வாங்கிய கார், வாயில் கட்டிய தங்கப் பல் என்று எதுவானாலும் ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கண் காணிக்கை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கொடுத்தவன் கண் நல்ல கண். கொடுக்காமல் பார்த்தவன் கண் கொள்ளிக்கண். எர்னசாருக்கு ஒரு மிட்டாய் டப்பாவை நீட்டுவதில் வாத்தியாருக்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நீட்டினால், ‘உன் விளக்கு பார்க்கத் தகுந்த விளக்கு’ என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பதில் அவர் குளிர்ந்த ஏரியில் குதித்துவிடுவார். ஆகவே அவர் பார்க்கவில்லை.

உண்மையில் பார்த்திருந்தார். முதல் நாள் சாயங்காலமே, குளியலறையில் துணி ஊறவைக்கும் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, காற்றுக்காக வைத்த சின்ன ஜன்னல் வழியே, கழுத்து வலிக்கும்வரை பார்த்திருந்தார். எர்னசார் சாவியை அமுக்கியதும் சிவப்பு வெளிச்சம் இரண்டு பக்கமும் அலைபோலப் போய் நடுவில் வந்து முட்டியது. திரும்பும் விளக்கைப் போட்டதும் ஆரஞ்சு மணிகள் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக உருண்டன. உருண்டு முடிந்ததும் மறுபடி உருண்டன. அன்று இரவு அவர் சாப்பிட்ட நூடுல்ஸ் செரிக்கவில்லை.

எர்னசார்மேல் இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. எர்னசார் கல்யாண வீடுகளில் ஒலிவாங்கியைப் பிடித்து விருந்தை நடத்திக்கொடுப்பவன். பேசுவதற்குக் கூலி வாங்குகிறவன். வாத்தியாரும் பேசித்தான் பிழைக்கிறார், ஓட்டுநர் பள்ளியில் சாலை விதிகள் நடத்துகிறார். ஆனால் எர்னசார் பேசினால் கை தட்டுகிறார்கள், வாத்தியார் பேசினால் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறார்கள். இருவருக்கும் கார் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வாத்தியாருடையது செர்ரி நிறம். தலைநகரில் ஒருவரிடமிருந்து, ஏற்கெனவே பதிவான எண் பலகையோடு வாங்கியது. “கம்பெனி எப்படி வைச்சானோ அப்படியே இருக்கு. ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்ல” என்பார். கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். முற்றத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பெண்ணை அழைத்துவரும் ஊர்வலத்தில் முதல் வண்டி அந்தச் செர்ரிக் கார்தான். ஒலிவாங்கி எர்னசாருக்கு, முதல் வண்டி வாத்தியாருக்கு. அந்தப் பங்கீட்டில்தான் அவர் மனம் இத்தனை காலம் ஒருவாறு அமைதியாக இருந்தது.

இப்போது கல்யாணம் அவர் வீட்டிலேயே. மகன் எல்தியாருக்கு ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் பெண், பெயர் ஐகானிஷ். வரும் சனிக்கிழமை போய் அழைத்துவர வேண்டும்.

திங்கட்கிழமை காலைத் தேநீரின்போது எல்தியார் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தான், சாப்பிடவில்லை.

“அப்பா, முதல் வண்டி விஷயம்.”

“அதுல என்ன விஷயம்? நம்ம வண்டிதான். ரிப்பன் வாங்கிட்டியா?”

மகன் தேநீர்க் கிண்ணத்துக்குள் இல்லாத ஈயைத் தேடினான். “எர்னசார் அண்ணன் வண்டியக் கேக்கலாம்னு பாத்தோம். ஐகானிஷுக்கு வீடியோல காட்டினேன். பின்னாடி விளக்கு ஓடுதே, அது அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.”

“விளக்கு ஓடுதா? விளக்குன்னா வைச்ச எடத்துல நிக்கணும். ஓடுறதுக்கு அது என்ன ஆடா?”

“நீங்க இன்னும் பாக்கலையாப்பா?”

“எனக்கு வேற வேலை இருக்கு.”

வாத்தியாரின் மனைவி சைரகான் பாலை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “முன்னாடி போற வண்டிக்குப் பின்னாடிதானே மொத்த சனமும் வரப்போகுது. வழி பூரா அந்தப் பின்பக்கத்தைத்தான் பாத்துக்கிட்டு வரணும். அது அழகா இருந்தா என்னங்க தப்பு?”

“சட்டம்னு ஒண்ணு இருக்குடி.”

“சட்டத்துக்கா கல்யாணம்? நம்ம பையனுக்குத்தானே.”

“விளக்கை மாத்துறது குத்தம். தெரியுமா உனக்கு?”

“எனக்கென்ன தெரியும்? நான் பாத்ததுக்கு ஒரு பாட்டில் பழஊறல் கொடுத்தேன். அம்புட்டுதான் தெரியும்.”

வாத்தியார் கிண்ணத்தை வைத்தார். “நீயுமா?”

“ஏன், எனக்குக் கண்ணு இல்லையா? ஆப்ரிகாட் பழம், நம்ம மரத்துது. அந்தத் தம்பி, ‘அண்ணி, வாத்தியாரண்ணன் எப்ப வருவாரு’ன்னு கேட்டுச்சு. கண்வலின்னு சொல்லிவைச்சிருக்கேன். போகும்போது கொஞ்சம் கண்ணைத் தேச்சுக்கிட்டே போங்க.”

அன்று ஓட்டுநர் பள்ளியில் அட்டவணைப்படி நடத்த வேண்டியது பாதசாரிகள் பாடம். வாத்தியார் விளக்குகள் பாடத்தை நடத்தினார். சுவரில் தொங்கிய படத்தைக் குச்சியால் தட்டித் தட்டிச் சொன்னார். “பின்னால சிவப்பு, நில்லுங்குது. மஞ்சள், திரும்புறேங்குது. வெள்ளை, பின்னாடி வர்றேங்குது. இந்த மூணு பாஷைதான். நாலாவது பாஷை பேசுற வண்டி குத்தவாளி வண்டி.” படத்தில் இருந்த காரின் ஓரங்களில் மஞ்சளாய் இரண்டு கட்டங்கள் இருந்தன. இருபது வருடமாக அந்தக் கட்டங்களைத் தட்டித் தட்டி அங்கே காகிதம் நைந்துபோயிருந்தது. ஒரு பெண் ஜன்னலைத் திறந்தாள்.

மதியம் அவர் கடைத்தெருவுக்குப் போனார். போக்குவரத்து ஆய்வாளர் மேதெர்பெக் அந்த நேரத்தில் அங்கே, காடி ஊற்றிய குளிர் நூடுல்ஸ் விற்கும் வரிசையில், மூன்றாவது பெஞ்சில்தான் இருப்பார். வாத்தியாரிடம் சாலை விதி படித்தவர்.

“உக்காருங்க வாத்தியாரே. ஒரு கிண்ணம் சொல்லட்டுமா?”

“வேணாம் தம்பி. ஒரு பொதுநல விஷயமா வந்தேன்.”

மேதெர்பெக் கரண்டியைக் கீழே வைத்தார். பொதுநலம் என்று கிளம்பும் பேச்சு எந்தப் பக்கத்து வீட்டு வாசலில் போய் முடியும் என்பது அவர் தொழிலில் முதல் மாதமே தெரிந்துவிடுகிற சங்கதி.

“எங்க முற்றத்துல ஒருத்தன் பின்விளக்கை மாத்தியிருக்கான். கம்பெனி வைச்சதைக் கழட்டிப் போட்டுட்டு வேற. அது ஓடுது தம்பி.”

“எப்படி ஓடுது?”

“உள்ளேருந்து வெளியே. ஆரஞ்சு மணி கோத்த மாதிரி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா. சாவியை அமுக்கினா செவப்பு ரெண்டு பக்கமும் அலையாப் போயி நடுவுல வந்து சேரும். சேர்ற எடத்துல ஒரு நொடி நின்னு, அப்புறம் மெதுவா…” வாத்தியாரின் கை காற்றில் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தது. அவரே அதைக் கவனித்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ரொம்ப நல்லாப் பாத்திருக்கீங்க” என்றார் மேதெர்பெக்.

“பாக்கல.”

“பாக்கலையா?”

வாத்தியார் சுற்றிலும் பார்த்தார். கடைக்காரி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றாமல் காதை நீட்டி நின்றாள். அவள் தங்கைதான் எர்னசாரின் விருந்துகளில் பாடுகிறவள். ‘பார்த்தேன்’ என்று இங்கே ஒரு சொல் விழுந்தால், சாயங்காலத்துக்குள் எர்னசார் வீட்டுக் கதவைத் தட்டும். பார்த்தவர் காணிக்கை கொடுக்கவில்லை, கொள்ளிக்கண், கஞ்சன், அதுவும் மகன் கல்யாண வாரத்தில்.

“கேள்விப்பட்டேன்” என்றார். “என் கண்ணால பாக்கல. சட்டத்துமேல இருக்குற அக்கறையில சொல்றேன். என் பேரு வெளிய வரக் கூடாது.”

“புகார்னா பாத்த சாட்சி வேணுமே வாத்தியாரே. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே.”

“நீயே வந்து பாரு தம்பி. நாளைக்கே வா. சனிக்கிழமைக்குள்ள வந்துடு.”

“சனிக்கிழமை என்ன?”

“ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.”

செவ்வாய்க்கிழமை மாலை ஆய்வாளர் வந்தார். சீருடை, தொப்பி, கக்கத்தில் ஒரு தர்பூசணி.

முற்றமே கூடிவிட்டது. வாத்தியார் தற்செயலாகக் குப்பைவாளியோடு கீழே வந்திருந்தார். அந்தக் குப்பைவாளி அன்று காலையே காலியாகியிருந்தது.

எர்னசார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “வாங்கண்ணே. என்ன தர்பூசணியோட?”

“உன் பின்விளக்கைச் சோதனை போட வந்திருக்கேன். சட்ட விரோதம்னு புகார்.”

“அப்ப தர்பூசணி?”

“புது விளக்கை வெறுங்கையோட பாக்கச் சொல்றியா? சோதனை வேற, மரியாதை வேற.” தர்பூசணியை எர்னசாரின் கையில் வைத்துவிட்டுத்தான் அவர் காரின் பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

போலீஸ்காரரிடமிருந்து வண்டிக்காரன் ஒரு பொருள் வாங்குவதைக் கராகோல் அதற்கு முன் பார்த்ததில்லை. ஐந்தாம் மாடிக் கிழவர் பால்கனியிலிருந்து கை தட்டினார்.

“யாருண்ணே புகார் சொன்னது?” என்று கேட்டான் எர்னசார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டான். அதுவே வாத்தியாருக்கு எரிந்தது.

“பேரு சொல்லக் கூடாது. ஆனா நியாயமான ஆளு. தன் கண்ணால பாக்கலைன்னு அவரே சொல்லிட்டாரு.”

ஆய்வாளர் இதை வாத்தியாரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். மிட்டாய் கொடுத்த நர்சம்மா காலுறை கொடுத்த கிழவரைப் பார்த்தாள். கிழவர் பழஊறல் கொடுத்த சைரகானைப் பார்த்தார். எல்லோரும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். பார்க்காத ஆள் என்று கட்டடத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். தலைகள் ஒவ்வொன்றாக, அந்த ஆரஞ்சு மணிகளைப் போலவே, வரிசையாகக் குப்பைவாளிப் பக்கம் திரும்பின.

வாத்தியார் மலையைப் பார்த்தார். இந்த முறை மலை உதவவில்லை.

“ஆமா, நான்தான்” என்றார், வாளியைக் கீழே வைத்து. “ஒளிச்சு என்ன ஆகப்போகுது? கம்பெனி வைச்ச விளக்கைக் கழட்டினது குத்தமா இல்லையா? மேதெர்பெக், நீ சட்டத்தைச் சொல்லு.”

மேதெர்பெக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “கண்டதை மாத்தினா குத்தம்தான் வாத்தியாரே. கறுப்பு ஒட்டினா, நீலம் போட்டா, மின்னி மின்னிக் கண்ணைக் குத்தினா, உடனே கழட்டச் சொல்லுவோம். ஆனா இந்த வண்டி அமெரிக்க வண்டி. அங்க திரும்புற விளக்கும் செவப்பாவே இருக்கும். நம்ம நாட்டுல அது செல்லாது, மஞ்சளா மாத்தணும். மாத்தினாத்தான் எண் பலகையே கிடைக்கும். இதே வண்டிக்கு ஐரோப்பாவுல வர்ற விளக்கு இது. அனுமதி வாங்கி மாட்டியிருக்கான். ஓடினாலும் மஞ்சள், மஞ்சள்தான். எர்னசார், அந்தச் சாவியை அமுக்கினா அலை வருதே, அதை மட்டும் நிறுத்திடு. அந்த ஆட்டத்துக்கு அனுமதி இல்ல.”

“சரிண்ணே. சாயங்காலமே நிறுத்திடறேன்.”

வாத்தியாருக்கு அலை நின்றது கொஞ்சம் இதமாக இருந்தது. ஆனால் மணிகள் ஓடிக்கொண்டேயிருக்கும். சனிக்கிழமை ஓடும். மருமகளுக்கு முன்னால், தன் மகனுக்கு முன்னால், ஏரிக்கரை முழுக்க ஓடும். கொஞ்சம் கிடைத்த இதம் மனிதனை இன்னும் கொஞ்சத்துக்கு ஆசைப்பட வைக்கும். அவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார்.

“அப்போ தொடாத வண்டிக்கு மதிப்பே இல்லையா? எல்லாரும் பாருங்க. சட்டப்படி ஒரு வண்டி எப்படி இருக்கணும்னு பாருங்க. ஒரு திருகாணி தொட்டதில்ல.” செர்ரிக் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்து, திரும்பும் விளக்கைப் போட்டார். உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்டது. அவர் முன்கண்ணாடி வழியே முற்றத்துக் கோழிகளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஆய்வாளர் குனிந்து விளக்கைப் பார்த்தார்.

“வாத்தியாரே” என்றார் மேதெர்பெக், தொண்டையைச் செருமி. “கொஞ்சம் இறங்கி வர்றீங்களா?”

இறங்கிப் பின்னால் போனார். செர்ரிக் காரின் ஓரத்தில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. சிவப்பு. சுத்தமான, கம்பெனி வைத்த, யாரும் தொடாத சிவப்பு.

சிவப்பு என்பது அவருக்குத் தெரியாததல்ல. காரைத் துடைக்கும்போது தினமும் தொடுகிற கண்ணாடிதானே. ஆனால் பள்ளியில் சுவரில் தொங்குகிற கார் வேறு, தன் கார் வேறு. அந்த மஞ்சள் கட்டம் உலகத்திலுள்ள மற்ற எல்லாக் கார்களுக்கும் உரியது. அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாது என்று ஊரில் சொல்வதை இதுவரை அவர் மற்றவர்களுக்குத்தான் சொல்லியிருந்தார்.

“பின்னால செவப்பு…” என்று ஆரம்பித்தார் மேதெர்பெக். பாடம் செய்த பழக்கம், அதே குரல், அதே இழுப்பு. பாதியில் நிறுத்திக்கொண்டார். “மாத்துற வரைக்கும் வண்டியை வெளிய எடுக்காதீங்க வாத்தியாரே. எடுத்தா நானே நிறுத்தவேண்டிவரும். அது எனக்கு நல்லாவா இருக்கும்?”

“எண் பலகையோட வாங்கின வண்டி இது.”

“அதனாலதான் யாரும் சோதிக்கல போல.”

எர்னசார் பக்கத்தில் வந்தான். “விளக்கு தலைநகர்லேருந்து வரணும்ண்ணே. ரெண்டு வாரம் ஆகும். நான் சொல்லிவிடறேன்.”

“உனக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும்ண்ணே. உங்க பின்னாடிதானே தெனம் வர்றேன்.”

“தெரிஞ்சும் சொல்லலையே.”

“சாலை விதி வாத்தியாருக்கு நான் போயி விளக்கு நிறம் சொல்லவா? அடிக்க வந்துட மாட்டீங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எர்னசார் பேசினால் சிரிக்கிறார்கள். அவன் வாத்தியாரைக் காப்பாற்றத்தான் அந்த வேடிக்கையைச் சொன்னான் என்பது வாத்தியாருக்குப் புரிந்தது. காப்பாற்றப்படுவதைவிடப் பொறாமைப்படுவதே சுலபம் என்பதும் புரிந்தது.

ஆக, சனிக்கிழமை முதல் வண்டி எர்னசாருடையது.

மணமகனின் தகப்பனார் போனது மைத்துனனின் மினிபஸ்ஸில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில். பின்னால் உறவுக்காரப் பெண்கள் ஒரு பஸ் நிறைய. போகும்போது ஒன்றுமில்லை, வண்டிகள் இஷ்டத்துக்குப் போயின. பெண் வீட்டில் மரியாதைக்கு ஆட்டுத் தலையை அவர் முன்னால் வைத்தார்கள். சம்பந்தி எழுந்து, கருநீல வெல்வெட் மேலங்கி ஒன்றை அவர் தோளில் போர்த்தி, நெஞ்சில் கைவைத்து வணங்கினார். கொஞ்ச நேரம் வாத்தியார் எல்லாவற்றையும் மறந்திருந்தார். பிறகு ஊர்வலம் கிளம்பியது. முதலில் மணமக்களோடு வெள்ளைக் கார். அதற்கு அடுத்தது மினிபஸ்.

ஏரிக்கரைச் சாலை வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஆட்டு மந்தை, ஒவ்வொரு முனையிலும் ஆப்பிள் வாளி விற்கிற பெண்கள். எர்னசார் விதி தவறாதவன், எல்லாவற்றுக்கும் விளக்குப் போட்டான். இடப்பக்கம் மணிகள் ஓடின. வலப்பக்கம் ஓடின. வெள்ளைக் காரின் பின்கண்ணாடியில் மருமகளின் முக்காடு ஆடியது.

“பாருடி, தண்ணி சொட்டுற மாதிரி இல்ல?” என்றாள் பின்னால் ஒருத்தி.

“பாசி மணி உருளுற மாதிரி.”

“வாத்தியாரு வண்டி முன்னாடி போயிருந்தா என்னத்தைப் பாத்திருப்போம்?”

“மெதுவாப் பேசுடி. முன்னாடிதான் உக்காந்திருக்காரு.”

“அவருக்குக் கண்வலி. பாக்க மாட்டாரு.”

வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் ஏரி இருந்தது, இடப்பக்கம் மலை இருந்தது, கழுத்தைத் திருப்பினால் போதும். கழுத்து திரும்பவில்லை. ஒரு நேர்ச்சாலையில் விளக்குகள் நெடுநேரம் சும்மா இருந்தபோது, அடுத்த வளைவு எப்போது வரும் என்று தான் காத்திருப்பதை உணர்ந்து, பல்லைக் கடித்தார். வளைவு வந்தது. மணிகள் ஓடின. நல்ல விளக்கு என்று அவருக்குத் தோன்றியது. அந்த நல்ல விளக்கு எதற்காக அடுத்தவன் வண்டியில் இருக்க வேண்டும் என்றும் உடனே தோன்றியது.

வீட்டில் மருமகளை வெள்ளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணிக்கை கொடுத்துத் திரையை விலக்கிப் பார்த்து, ‘கண் பட வேண்டாம்’ என்று சொல்லி நகர்ந்தார்கள். ஐகானிஷ் ஒவ்வொருவருக்கும் தலை தாழ்த்தினாள். வாத்தியாரும் பார்த்தார், மாமனாருக்குரிய முறையைச் செய்தார். ஒலிவாங்கி எர்னசாரிடம் இருந்தது.

“எல்லாரும் மருமகளைப் பாத்தாச்சு. முறையாக் கொடுத்தும் பாத்தாச்சு” என்றான். “இன்னொரு பார்வை மட்டும் பாக்கி நிக்குது. வாத்தியாரண்ணே, ஏரிக்கரை பூரா எங்க பின்னாலயே வந்தீங்களே. என்ன பாத்துக்கிட்டு வந்தீங்க?”

ஐம்பது அறுபது முகங்கள் திரும்பின.

‘மலையை’ என்று சொல்ல வாத்தியார் வாயைத் திறந்தார். மினிபஸ்ஸில் வந்த பெண்கள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கழுத்து ஒருமுறைகூடத் திரும்பவில்லை என்பதற்கு ஒரு பஸ் நிறையச் சாட்சி.

“விளக்கை” என்றார்.

“அப்ப பாத்துட்டீங்க.”

“பாத்துட்டேன்.”

கையில் ஒன்றுமில்லை. பாக்கெட்டைத் தடவினார், குளியலறைத் தாழ்ப்பாளுக்கு வாங்கிய ஒரு திருகாணி இருந்தது. அதைக் கொடுத்தால் ஊர் ஏழு தலைமுறைக்குச் சிரிக்கும். அவருக்குள் எங்கோ இருந்த ஒரு வீம்பு தலைதூக்கியது. கொடுப்பதென்றாகிவிட்டது, இந்த முற்றத்தில் எவனும் கொடுக்காததாகக் கொடுத்துவிடுவோம். மிட்டாயா, காலுறையா, தர்பூசணியா? தோளிலிருந்த வெல்வெட் மேலங்கியைக் கழற்றி, இரண்டு எட்டு நடந்து, எர்னசாரின் தோளில் போர்த்தினார்.

கூடம் அதிர்ந்தது. கை தட்டினார்கள். தொக்தோசுன் வாத்தியாருக்காக மனிதர்கள் கை தட்டுவது அதுதான் முதல் தடவை. அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார், கண் கொஞ்சம் கலங்கியது.

சைரகான் பக்கத்தில் வந்து, சிரித்த முகம் மாறாமல், அவர் முழங்கைச் சதையைக் கிள்ளினாள். “சம்பந்தி போட்ட அங்கிங்க அது. நாளைக்கு அவங்க விருந்துக்கு வரும்போது எதைப் போட்டுக்கிட்டு நிப்பீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் எர்னசார் கைகளை விரித்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். கைதட்டல் அவனோடு சேர்ந்து சுற்றி, அவன் பக்கமே நின்றுவிட்டது. தோள் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. முதுகில், கழுத்திலிருந்து இடுப்புவரை, ஆட்டுக்கொம்பு வளைவுகளாகத் தங்க இழையில் பூவேலை. விளக்கு வெளிச்சத்தில் அது இடமும் வலமும் ஓடியது.

பெண் வீட்டிலிருந்து அதைத்தான் அவர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முன்பக்கம் வெறும் நீலம். அதனால் சாதாரண அங்கி என்றே நினைத்திருந்தார்.

“முதுகுல இவ்வளவு வேலைப்பாடு இருந்துச்சா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“ஊரே பாத்துச்சு” என்றாள் சைரகான்.